நெல்லையை ஒரே நாளில் நடந்து பார்க்க வருவோர் செய்யும் தவறுகள்

முதுகில் ஒரு பையும் கையில் கொஞ்சம் பணமுமாகத் திருநெல்வேலியைப் பார்க்க வரும் இளைஞர்கள் பலருக்கு வழி சொல்லியிருக்கிறேன். கைப்பேசி வரைபடத்தில் நெல்லையப்பர் கோயில், குறுக்குத்துறை, சுலோச்சன முதலியார் பாலம், பாளையங்கோட்டை என்று வரிசையாகக் குறித்துக்கொண்டு, மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று கூட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். தூரக் கணக்கில் பிழை இருப்பதில்லை. இந்த ஊரில் கோயில் நடைக்கு ஒரு நேரம், ஆற்றங்கரைக்கு ஒரு நேரம், அல்வாவுக்கு ஒரு நேரம் உண்டு என்பதையும், நடுப்பகல் வெயில் யாருக்கும் விட்டுக்கொடுக்காது என்பதையும் கணக்கில் சேர்க்காததால்தான் அவர்களுடைய நாள் வீணாகிறது.

முதல் தவறு வந்து இறங்கும் இடத்திலேயே நேர்ந்துவிடுகிறது. வெளியூர்க்காரர் ‘திருநெல்வேலி’ என்று ஒரே பெயரில் சொல்வதை உள்ளூரார் டவுன், ஜங்ஷன், பாளை (பாளையங்கோட்டை) என்று பிரித்துத்தான் பேசுவார்கள். ரயில் வந்து நிற்பது ஜங்ஷனில். நெல்லையப்பர் கோயில் அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் மேற்கே டவுனில். பாளை ஆற்றுக்குக் கிழக்கே. தொலைதூரப் பேருந்துகள் வந்து சேரும் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது, அங்கிருந்து கோயிலுக்கு நடக்க நினைப்பது வீண் உழைப்பு. ஆட்டோவில் ஏறி வெறுமனே ‘பஸ் ஸ்டாண்ட்’ என்று சொல்லாமல், புது பஸ் ஸ்டாண்டா, ஜங்ஷனா, பாளை பஸ் ஸ்டாண்டா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கனமான பையை நாள் முழுவதும் சுமப்பதும் தேவையற்றது. ஆனால் ரயில் நிலையப் பொருள் வைப்பறைகளில் பூட்டுப் போடாத பையை ஏற்க மாட்டார்கள் என்பதால் ஒரு சிறு பூட்டு கையில் இருக்கட்டும்.

வழி கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள பெரியவர்கள் இடம், வலம் என்று வழி சொல்வது குறைவு; ‘கீழப் பக்கம் போயி வடக்க திரும்புங்க’ என்பார்கள். கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளும் அப்படித்தான் பெயர் பெற்றிருக்கின்றன. இது தெரியாத ஒருவர் மேல ரத வீதி எங்கே என்று மேட்டைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைவாசலில் இருப்பவரை ‘அண்ணாச்சி’ என்று அழைத்துக் கேட்டால், வரைபடம் காட்டாத குறுக்குச் சந்துகளையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.

எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தருவது, கோயிலை நடுப்பகலுக்கு ஒதுக்குவது. காலையில் பாளையைச் சுற்றிவிட்டு ஒரு மணிக்கு நெல்லையப்பர் கோயில் வாசலில் வந்து நின்றால், சாத்திய கதவைத்தான் காண முடியும். நடுப்பகலில் சாத்திய நடை மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கும். ஆகவே காலை ஏழு, எட்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். அரைக்கால் சட்டை அணிந்து வரக்கூடாது. பலமுறை கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் கயிறு கட்டும் காலணியைவிடச் செருப்பே வசதி. வெயில் ஏறிய பிறகு வெளிப் பிராகாரத்துக் கல்தளம் காலைச் சுடும், அதற்காகவும் காலை நேரமே ஏற்றது.

உள்ளே சென்றவர்களும் சுவாமி சந்நிதியில் கும்பிட்டுவிட்டு இருபது நிமிடத்தில் வெளியேறிவிடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. இது நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனியே அமைந்த இரட்டைக் கோயில். இரண்டையும் இணைக்கும் நீண்ட சங்கிலி மண்டபத்தை 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டுவித்தார். அந்த மண்டபத்தின் வழியாக ஒரு முறையேனும் நிதானமாக நடந்து போகாதவர், கோயிலில் பாதியைத்தான் பார்த்தவராகிறார். நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான தாமிர சபை இங்கேதான் இருக்கிறது. மணி மண்டபத்தில், ஒரே கல்லில் நடுத்தூணும் அதைச் சூழ்ந்த சிறு தூண்களுமாகச் செதுக்கப்பட்ட இசைத்தூண்களைக் கண்டதும் விரலாலோ நாணயத்தாலோ தட்டிப் பார்க்கத் தோன்றும், தயவுசெய்து தட்டாதீர்கள். நூற்றாண்டுகளைத் தாண்டி வந்த கல், நம் ஒவ்வொருவரின் ஆசைக்கும் ஒரு தட்டு என்று வாங்கிக்கொண்டே இருக்க முடியாது.

தாமிரபரணியைப் பொறுத்தவரை அச்சமின்மையே தவறு. கோடையிலும் நீரோடும் ஆறு என்பதால் எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம் என்று நினைக்கிறார்கள். மணல் அள்ளிய பள்ளங்களும் வழுக்குப் பாறைகளும் மேலிருந்து பார்த்தால் தெரிவதில்லை; உள்ளூரார் குளிக்கும் படித்துறையில் மட்டும், அவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குவதே பாதுகாப்பு. அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். குறுக்குத்துறையில் ஆற்றுக்கு நடுவிலேயே அமைந்த முருகன் கோயிலை அதிகாலையில் பார்ப்பது அழகு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வருபவர் வெள்ள எச்சரிக்கையைக் கேட்காமல் ஆற்றின் பக்கம் போகக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இந்த ஆறு எப்படிப் பெருகியது என்பதைக் கரையில் இருப்பவர்கள் இன்னும் மறக்கவில்லை. படித்துறையில் குளிக்கும், துவைக்கும் பெண்களைப் படம் எடுப்பது எந்த மாதத்திலும் செய்யக்கூடாத செயல்.

பதினொரு மணிக்கு மேல் நான்கு மணி வரை நடக்காதீர்கள். எல்லாத் தூரத்தையும் காலாலேயே கடந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டு, சித்திரை வெயிலில் டவுனிலிருந்து பாளைக்கு நடந்து மயங்கிய ஒரு பையனுக்கு நானே நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்து நிழலில் உட்காரவைத்தேன். நகரப் பேருந்தில் ஏறினால் சில ரூபாயில் பாளையில் இறங்கிவிடலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. வெயில் நேரத்தைக் கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்திலோ பாளையில் உள்ள அரசு அருங்காட்சியகத்திலோ கழிக்கலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

சாப்பாட்டில், பார்க்கிற மெஸ்ஸில் எல்லாம் சொதி கேட்டு ஏமாறுகிறார்கள். தேங்காய்ப் பாலில் செய்யும் சொதி இங்கே கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு இஞ்சிப் பச்சடியோடு வைக்கும் விருந்து. சில உணவகங்களில் சில நாள்களில் மட்டுமே கிடைக்கும். முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணிக்கு மேல் பாளைத் தெருக்கள் நடக்க இதமாகிவிடும். 1785-இல் குளோரிந்தா என்ற பெண்மணி கட்டிய சிறு கிறிஸ்தவ ஆலயமும், ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் பேராலயமும் இங்கு இருக்கின்றன. பாளையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் உட்கார்ந்தபடியே ஆற்றைக் கடந்துவிடுவது இன்னொரு தவறு. கொக்கிரகுளத்தில் இறங்கி, பதினொரு வளைவுகள் கொண்ட சுலோச்சன முதலியார் பாலத்தை நடந்தே கடக்க வேண்டும். படகுத்துறையில் மக்கள் பட்ட துன்பத்தைக் கண்டு, தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஒரு தனிமனிதர் கட்டுவித்து 1843-இல் திறக்கப்பட்ட பாலம் அது. மேற்கே சாயும் வெயில் ஆற்றில் விழும் அந்த நேரத்தில் நடந்தால் பாலத்தின் நீளம் தெரியாது. ஜங்ஷனுக்கும் டவுனுக்கும் இடையே ரயில் பாதையைத் தாண்டும் ஈரடுக்கு மேம்பாலத்தில், மேலடுக்கு பேருந்துகளுக்கானது; நடப்பவர் கீழடுக்கில்தான் செல்ல வேண்டும்.

அல்வாவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக் கடை மாலையில்தான் திறக்கும், சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும். காலையில் வந்து மூடிய கதவைப் பார்த்துவிட்டு, அதே பெயர்ச் சாயலில் வேறெங்கோ கிலோக் கணக்கில் வாங்கிப் போகிறவர்கள் பலர். சம்பா கோதுமைப் பாலும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்து சுருண்ட அல்வாவை முதலில் நூறு கிராம் மட்டும் வாங்கி, சூடு ஆறுவதற்குள் அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். பிறகு வீட்டுக்கு வாங்குவதைப் பையின் அடியில் திணிக்காமல் மேலாக, நிமிர்ந்து இருக்கும்படி வையுங்கள். இல்லையென்றால் சூட்டில் நெய் கசிந்து துணியெல்லாம் பாழாகும். இரவு ரயிலுக்குப் போகிறவர்கள், மாலைக் கூட்டத்தில் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு வரிசையில் நிற்கட்டும்.