ஸ்பிரிண்ட் முடிகிறது, வேலை முடிவதில்லை: அஜைல் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரி, மணப்பாக்கம் என்று சென்னையில் எந்த மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும், மென்பொருளைச் சிறு பகுதிகளாகக் கட்டி அடிக்கடி காட்டித் திருத்திக்கொள்ளும் வேலைமுறையைக் குறிக்கும் அஜைல் என்ற சொல் காதில் விழும். வேலைவாய்ப்பு விளம்பரத்தில் இருக்கும், கிளையண்டுக்கு அனுப்பும் முன்மொழிவில் இருக்கும், சுவரில் ஒட்டிய வண்ணத் தாள்களிலும் இருக்கும். ஆனால் அவற்றில் பல அலுவலகங்களில் ரிலீசுக்கு முந்தைய வாரம் நள்ளிரவு வரை விளக்கு எரிகிறது. தினசரிக் கூட்டம் தவறாமல் நடந்திருக்கும், டிக்கெட்டுகள் (பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் போடும் சீட்டுகள்) வரிசையாக நகர்ந்திருக்கும். ஆனாலும் தாமதம் கடைசி வாரத்தில்தான் எல்லோருக்கும் தெரியவருகிறது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்குத் தலத்தில் 17 பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. நான்கு விழுமியங்கள், பன்னிரண்டு கொள்கைகள், அவ்வளவுதான். ஸ்டாண்ட்-அப் (தினசரிக் கூட்டம்), ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவுக்கு ஒரு புள்ளி), ஸ்பிரிண்ட் (சில வார வேலைச் சுற்று) ஆகிய சொற்கள் எதுவும் அதில் கிடையாது. ஓடுகிற மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மையான அளவுகோல் என்று மட்டும் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நடைமுறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நோக்கம் ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன்: கெட்ட செய்தி இருந்தால் அதைச் சரிசெய்ய நேரம் இருக்கும்போதே வெளியே கொண்டுவருவது. கீழே சொல்லும் தவறுகள் ஒவ்வொன்றும் அந்தச் செய்தியை ஏதோ ஒரு வகையில் தள்ளிப்போடுகின்றன.

ஆவணம் எழுதாமல் இருப்பதுதான் அஜைல் என்று இன்றும் சிலர் சொல்வதைக் கேட்கலாம். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. விரிவான ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு, ஓடுகிற மென்பொருளுக்கு அதைவிட அதிக மதிப்பு என்றுதான் அதில் இருக்கிறது. குழுவில் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் தவித்துப் போகிற நிலையில் இருந்தால், தேவையான ஆவணம் அங்கே இல்லை என்று பொருள்.

மேனேஜருக்குச் சொல்லும் ஸ்டாண்ட்-அப்

பல இடங்களில் தினசரிக் கூட்டம் இப்படித்தான் நடக்கிறது. எட்டுப் பேர் வரிசையாகப் பேசுகிறார்கள். "நேற்று லாகின் பக்கத்தில் வேலை செய்தேன். இன்றும் அதைத் தொடர்கிறேன். தடை எதுவும் இல்லை." பேசுபவரின் கண் டீம் லீடின் மீதே இருக்கிறது. லாகின் பக்கத்தில் மூன்று நாளாக அதே ஆள்தான் இருக்கிறார் என்பது அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்டால் அது புகார் சொன்னதுபோல் ஆகிவிடும்.

ஸ்க்ரம் என்ற அஜைல் முறையை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதும் ஸ்க்ரம் கையேட்டின்படி இந்தக் கூட்டம் 15 நிமிடம், வேலையைச் செய்கிறவர்களுக்காக. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளை 2020 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். ஆளுக்கு ஆள் போவதை நிறுத்திவிட்டு, பலகையில் முடிவுக்கு மிக அருகில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். "இதை இன்றைக்கு முடிக்க என்ன தேவை?" என்ற ஒரே கேள்வி போதும். மூன்று நாளாக நகராத டிக்கெட் அப்போது தானாகக் கண்ணில் படும். கேள்வி வேலையைப் பற்றியது என்பதால் லாகின் பக்கத்தில் இருப்பவருக்கும் பதில் சொல்வது எளிதாகிவிடும்.

நேர வித்தியாசத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது சென்னையில் கோடைக்காலத்தில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. கிளையண்ட் வருகிறார் என்பதற்காக ஸ்டாண்ட்-அப்பையே அந்த நேரத்துக்குக் கொண்டுபோனால், நாள் முழுவதும் செய்து முடித்த பிறகு என்ன செய்யலாம் என்று திட்டமிடுவதாக ஆகும். காலையில் குழுவுக்குள் ஒரு சந்திப்பும், மாலையில் கிளையண்டுடன் தேவைப்படும் நாட்களில் தனிப் பேச்சும் வைத்துக்கொள்வதே சரி.

இலக்காக மாறிய புள்ளிகள்

ஸ்டோரி பாயிண்ட் என்பது ஒரு வேலை மற்றொன்றைவிட எவ்வளவு பெரியது என்று குழு தனக்குள் பேசிக்கொள்வதற்கான தோராயம். "இந்தக் குழு ஒரு ஸ்பிரிண்டில் 40 புள்ளி எடுக்கிறது, நீங்கள் ஏன் 28?" என்று கேட்ட நாளிலிருந்து அந்த எண் பயனற்றதாகிவிடுகிறது. அடுத்த மாதமே 5 ஆக இருந்தது 8 ஆகும், வரைபடம் உயரும், வாடிக்கையாளருக்குக் கிடைத்தது அதேதான். ஸ்டோரி பாயிண்டை ஒருவேளை தானே உருவாக்கியிருக்கலாம் என்று சொல்லும் ரான் ஜெஃப்ரிஸ், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துவதாக எழுதியிருக்கிறார். அவர் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவர். தேதிதான் வேண்டும் என்றால், வேலைகளைக் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் சிறிதாக வெட்டி, தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை ஆகும் காலத்தைக் குறித்து வாருங்கள். அதை உயர்த்திக் காட்ட வழியில்லை.

இரண்டு வாரத்துக்குள் ஒரு வாட்டர்ஃபால்

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தத் தவறுதான். மற்றவற்றின் சேதமும் கடைசியில் இங்கே வந்துதான் குவிகிறது.

இரண்டு வார ஸ்பிரிண்டில் வேலை நாட்கள் பத்து. முதல் எட்டு நாள் நிரல் எழுதுகிறார்கள். ஒன்பதாம் நாள் மாலை எல்லாம் மொத்தமாக டெஸ்டர் கைக்குப் போகிறது. அவர் இரவெல்லாம் உட்கார்ந்து பக் பதிவுசெய்கிறார். பத்தாம் நாள் டெமோவில் சிக்கல் வராத நல்ல பாதை மட்டும் காட்டப்படுகிறது. மீதி அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகிறது, அதுவும் பலகையில் முடிந்தது என்ற பத்தியில் ஏறிய பிறகு. ஒரு கட்டம் முழுவதும் முடிந்த பிறகே அடுத்ததற்குப் போகும் வாட்டர்ஃபால் முறைக்கு மூலமாகக் காட்டப்படும் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, சோதனையைக் கடைசியில் வைத்தால் ஆபத்து என்று வின்ஸ்டன் ராய்ஸ் எழுதியிருந்தார். அந்த ஆபத்தை இந்தக் குழுக்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்திக்கின்றன.

இதற்கு வழி வேலையை வெட்டும் விதத்தில் இருக்கிறது. மாதாந்திரப் பால் அட்டையைப் புதுப்பிக்கும் செயலி ஒன்றைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் ஸ்பிரிண்டில் தரவுத்தளம், இரண்டாவதில் சர்வர் பக்கம், மூன்றாவதில் திரைகள் என்று வெட்டினால், ஒன்றரை மாதம் வரை யாராலும் ஓர் அட்டையைக்கூடப் புதுப்பிக்க முடியாது. அதையே இப்படி வெட்டலாம்: ஒரே ஒரு பகுதி, ஒரே வகைப் பால், அரை லிட்டர் மட்டும், பணம் செலுத்த ஒரே வழி. திரை அழகாக இருக்காது. ஆனால் இரண்டு வாரத்தில் வேளச்சேரியில் இருக்கும் ஒருவர் தன் அட்டையைப் புதுப்பித்துவிடுவார். பணம் போய் ரசீது வராத சிக்கல் இருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும், ஆறாவது வாரம் வரை காத்திருக்காது.

அடுத்து, முடிந்தது என்றால் என்ன என்று குழு எழுதி வைத்திருக்க வேண்டும். சோதனை எழுதி ஓடியிருக்கிறதா, இன்னொருவர் நிரலைப் படித்தாரா, குழுவின் பொது நிரலோடு சேர்ந்ததா, உண்மையான சர்வருக்கு ஒத்த சூழலில் ஓடுகிறதா? "என் கணினியில் ஓடுகிறது" என்பதற்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. கென்ட் பெக் 1990களின் பிற்பகுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்று முன்வைத்ததில் தானியங்கிச் சோதனை, எல்லோருடைய நிரலையும் அடிக்கடி ஒன்றுசேர்க்கும் தொடர் ஒருங்கிணைப்பு, இருவர் சேர்ந்து நிரல் எழுதுவது, நிரலைச் சீரமைத்துக்கொண்டே இருப்பது எல்லாம் மையத்தில் இருந்தன. நம் ஊரில் கூட்டங்கள் வந்து சேர்ந்த வேகத்தில் இந்தப் பொறியியல் பழக்கங்கள் வந்து சேரவில்லை. கூட்டங்களைக் கற்றுத்தர இரண்டு நாள் வகுப்பு போதும், இவற்றைப் பழக மாதக்கணக்கில் ஆகும் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சோதனை இல்லாத நிரலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தால் ஓர் ஆண்டுக்குள் அதைத் தொடவே எல்லோரும் அஞ்சுவார்கள்.

டெஸ்டரை முதல் நாளே உட்கார வையுங்கள். ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன் அவர் கேட்கும் "பணம் செலுத்தும்போது நெட் போய்விட்டால்?" என்ற கேள்வி, ஒன்பதாம் நாள் பதிவாகப் போகும் பல பக்குகளை முன்னதாகவே நிறுத்திவிடும்.

யாரும் பேசாத ரெட்ரோ

ஸ்பிரிண்ட் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்தான் ரெட்ரோ. எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை, எதை மாற்றலாம். மூன்று பத்திகள், மஞ்சள் தாள்கள், கடைசியில் ஒரு புகைப்படம். அடுத்த ரெட்ரோவில் அதே மூன்று புகார்கள் வரும். முடிவில் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, யார் பொறுப்பு, எப்போதுக்குள் என்று எழுதி, அடுத்த ஸ்பிரிண்டின் வேலைகளோடு சேர்க்க வேண்டும். சேர்க்காதது நடக்காது.

மூத்தவர் சொன்ன பிறகு இளையவர் மறுத்துப் பேசுவது நமக்கு இயல்பாக வருவதில்லை. அதை ஒருவரின் குறை என்று எண்ணாமல் கூட்டத்தின் அமைப்பை மாற்றலாம். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதட்டும். பிறகு மிகப் புதியவர் முதலில் படிக்கட்டும். ஆண்டு மதிப்பீடு போடுகிறவர் அந்த அறையில் இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

சந்திப்புகளில் நேரும் தவறுகள்

அலுவலகத்துக்குள் சொல்ல முடியாததைச் சொல்லிப் பார்க்கும் இடம், இதே வேலையைச் செய்யும் வேறு நிறுவனத்துக்காரர்கள் கூடும் சந்திப்பு. சென்னைக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. லினக்ஸ் பயனர் குழுவும் பைத்தான் குழுவும் பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் கூடி, தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கின்றன. அஜைல் சந்திப்புகளுக்கும் அந்த மனம் வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் ஒருவரே ஸ்லைடு காட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கடைசிப் பத்து நிமிடக் கேள்வி நேரத்தில் சான்றிதழ் வகுப்பின் கட்டணத்தைச் சொல்லி முடிப்பார்கள். வந்தவர்களின் சிக்கல்கள் அவர்களுடனேயே வீடு திரும்பும். அதற்குப் பதில் லீன் காபி என்ற முறையைப் பாருங்கள். 2009இல் சியாட்டிலில் தொடங்கியது. பேச்சாளர் கிடையாது. வந்தவர்கள் ஆளுக்கொரு தாளில் தங்கள் கேள்வியை எழுதி நடுவில் வைக்கிறார்கள், பிடித்ததற்குப் புள்ளி வைத்து வாக்களிக்கிறார்கள், அதிகப் புள்ளி வாங்கியது முதலில். ஐந்து அல்லது எட்டு நிமிடம் முடிந்ததும் கட்டைவிரல் காட்டி, தொடரலாமா அடுத்ததற்குப் போகலாமா என்று முடிவெடுக்கிறார்கள். பன்னிரண்டு பேர் இருந்தால் இரண்டு மேசையாகப் பிரித்துவிடுங்கள்.

இடமும் நேரமும் சின்ன விஷயம்போல் தோன்றும். ஆனால் வார நாள் மாலை ஆறரைக்கு ஓஎம்ஆரில் வைத்தால் அம்பத்தூரிலிருந்து யாரும் வர முடியாது. பறக்கும் ரயில் நிலையத்துக்கு அருகில், சனிக்கிழமை காலை என்றால் தரமணியும் திருவான்மியூரும் பலருக்கும் எட்டும். ஐடி பூங்காவுக்குள் நடத்தினால் வாயிலில் பெயர்ப்பட்டியல் முன்பே இருக்க வேண்டும். இல்லையென்றால் லேப்டாப் எண்ணை எழுதி முடிப்பதற்குள் முதல் அரை மணி போய்விடும்.

மொழியை மறக்கக் கூடாது. மாவட்டக் கல்லூரியில் படித்து வந்து, நிரலில் கெட்டிக்காரராக இருக்கும் ஒருவர், ஆங்கிலம் மட்டுமே ஒலிக்கும் அறையில் வாய் திறக்காமல் போய்விடுகிறார். "கேள்வியைத் தமிழில் கேட்கலாம்" என்று நடத்துகிறவர் தொடக்கத்திலேயே தமிழில் சொன்னால் போதும். அதேபோல் கிளையண்ட் பெயரையும் நிறுவனத்தின் உள்விவரத்தையும் சொல்லாமல் சிக்கலை மட்டும் விவரிக்கப் பழக வேண்டும். கேட்டதை எடுத்துப் போகலாம், சொன்னவர் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதியை வாசலிலேயே அறிவித்துவிடுங்கள்.

ஸ்க்ரம் முறை சரியாக நடக்கப் பொறுப்பான ஸ்க்ரம் மாஸ்டர்கள் மட்டுமே கூடும் சந்திப்பில் பேச்சு சுற்றிச் சுற்றிக் கூட்டங்களைப் பற்றியே இருக்கும். போகும்போது உங்கள் குழுவிலிருந்து ஒரு டெஸ்டரையோ நிரல் எழுதுகிறவரையோ கூட்டிப் போங்கள். திரும்பி வந்ததும் கேட்டதில் ஒன்றை மட்டும் ஒரு ஸ்பிரிண்டுக்குச் செய்து பாருங்கள். சந்திப்பை நடத்துகிறவர்கள் ஒவ்வொரு மாதமும் முதல் பதினைந்து நிமிடத்தை, போன மாதம் கேட்டதைச் செய்து பார்த்தவர்களுக்கு ஒதுக்கலாம், சரியாக வராமல் போனதையும் சொல்லச் சொல்லிக் கேட்டு.