அன்பியக் கூட்டத்துல "அடுத்த வாரம் பகிர்வு நீங்கதான்"னு சொல்லிட்டா என்ன பண்றது

வேற யாராச்சும் சொல்லட்டும்னு தலைய குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்போம்ல, அவங்களுக்குதான் இது. காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கத்தோலிக்க பங்குகள்ல அன்பியக் கூட்டம், அதாவது பக்கத்து பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேந்து செபிக்கிற கூட்டம், வீடு மாத்தி வீடு நடக்கும், செபமாலை முடியும், நற்செய்தி வாசிப்பாங்க, அதுக்கப்புறம் யாராச்சும் தன் அனுபவத்த சொல்லணும், அதுதான் பகிர்வு, அப்ப ஒரு அமைதி வரும் பாருங்க, எல்லாரும் ஃபேனையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. கடைசில எப்பவும் பேசுற அதே ஆள்தான் தொண்டைய செருமிட்டு ஆரம்பிப்பார். படிச்சவங்கதான் பேசணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, நம்ம வீட்டுல நடந்தத வச்சே நாலு நிமிஷம் பேசலாம், அதுக்கு எப்படி தயாராகுறதுன்னு எனக்கு தெரிஞ்சத சொல்றேன். மத்த கிறிஸ்தவ சபைகள்ல சாட்சி சொல்றவங்களுக்கும் இது ஆகும், பேருதான் வேற.

அன்னைக்கு என்ன வாசகம்னு தெரிஞ்சா ஒரு தடவ படிச்சு வச்சுக்கங்க. ஆனா அங்கருந்து ஆரம்பிக்காதீங்க. முக்காவாசி பேர் பண்றது என்னன்னா ஒரு வசனத்த புடிச்சுக்கிட்டு அதுக்கு ஏத்த சம்பவம் நம்ம வாழ்க்கைல எங்கயாச்சும் இருக்கான்னு இழுத்து இழுத்து பாக்குறது, கேக்குறவங்களுக்கு அந்த இழுப்பு நல்லாவே தெரியும். சம்பவத்த முதல்ல எடுங்க, வசனம் பின்னாடி தானா வரும், வரலேன்னாலும் குடி முழுகிடாது.

சம்பவத்துக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. ஓரியூர் அருளானந்தர் இயேசு சபை சாமியார்னு நமக்கு தெரியும், 1693 பிப்ரவரி 4 அன்னைக்கு அங்க தலைய வெட்டிக் கொன்னாங்க. அந்த சபைய ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் தன்னோட ஆளுகளுக்கு ஒரு பழக்கம் வச்சார், மதியமும் ராத்திரியும் கொஞ்ச நேரம் உக்காந்து அன்னைய பொழுத திருப்பிப் பாக்குறது. மொதல்ல நன்றி, அப்புறம் சரியா பாக்க வெளிச்சம் குடுங்கன்னு கேக்குறது, அப்புறம் மணி மணியா நாள ஓட்டிப் பாக்குறது, தப்புக்கு மன்னிப்பு, நாளைக்கு என்னன்னு ஒரு நெனப்பு, அவ்வளவுதான். நாம ராத்திரி மட்டும் பண்ணாலே போதும். இதுல மூணாவதுதான் நமக்கு சரக்கு. "இன்னைக்கு நல்லா போச்சு"ன்னு ஓட்டாதீங்க, பால்காரர் என்ன சொன்னார், பஸ்ஸுல யாரு எந்திரிச்சு சீட்டு குடுத்தாங்க, மகன்கிட்ட ஏன் கத்துனோம், இப்படி பொடிசு பொடிசா பாருங்க, அதுல ஒண்ணு மனசுல முள்ளு மாதிரி நிக்கும், அத ஒரு வரி நோட்டுல எழுதி வச்சிருங்க.

பழைய நெனவு வேணும்னா சும்மா உக்காந்து யோசிச்சா வராது. கையில ஒரு சாமான எடுங்க. டிரங்கு பெட்டிய தொறங்க, பரண்ல ஏறுங்க, ஓலைக் கொட்டான், தூக்குவாளி, பணியாரச் சட்டி, எதாச்சும். எங்க அப்பத்தா ஓரியூர் செம்மண்ண ஒரு சின்ன பவுடர் டப்பாவுல வச்சிருக்கும், டப்பா மேல படம் தேஞ்சு போயி வெறும் தகரம்தான் தெரியும், மூடி துருப்பிடிச்சு தொறக்கும்போது ஒரு கிரீச் சத்தம், பரிச்சைக்கு போறப்ப அந்த சத்தம் கேட்டாலே நெத்திய காட்டணும்னு எங்களுக்கு தெரியும். அந்த டப்பாவ நெனச்சா போதும், அப்பத்தா, பரிச்சை, பயம் எல்லாம் வரிசையா வந்துரும். யோசுவா 4ல பாருங்க, யோர்தான் ஆத்துக்கு நடுவுல இருந்து 12 கல்ல தூக்கிட்டு வரச் சொல்றார் கடவுள், எதுக்குன்னா பின்னால புள்ளைங்க "இந்த கல்லு எதுக்கு"ன்னு கேக்கும், அப்ப சொல்லணும்னு. பொருள் இருந்தாதான் கேள்வி வரும்.

வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்கள கேளுங்க, ஆனா கேக்குற விதம் இருக்கு. "கடவுள் உங்களுக்கு என்ன நன்மை செஞ்சார் சொல்லுங்க"ன்னு கேட்டா "எல்லாம் அவர் செயல்தாம்ப்பா"ன்னு முடிச்சிருவாங்க. "மழை பெய்யாத வருசம் கிறிஸ்மஸுக்கு என்ன பலகாரம் சுட்டீங்க, மாவு யாரு குடுத்தா"ன்னு கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்கங்க, சொல்லிட்டு பண்ணுங்க.

இப்ப அந்த சம்பவத்த என்ன பண்றதுங்கிறதுதான் முக்கியமான இடம், இங்கதான் பாதி பேர் கெடுக்குறோம். ஆத்தங்குடி கல்ல, அதான் தரைல பதிக்கிற பூப்போட்ட கல்லு, அத வச்சே சொல்றேன், நம்ம ஊர்ல யாரக் கேட்டாலும் இத ஒரு தடவையாச்சும் பகிர்வுல கேட்டிருப்பாங்க. "கடவுள் கலைஞன், நாம கல்லு, அவர் கையில நாம அழகா உருவாகுறோம்." சரிதான், தப்பில்ல, ஆனா இத பட்டறைய பாக்காமலே சொல்லிரலாம், ரெண்டு நிமிஷத்துல மறந்தும் போயிரும்.

எங்க சித்தப்பா கல்லு பட்டறைல வேலை பாத்தவர். அங்க எப்படின்னா, ஒரு கண்ணாடி, அதுக்கு மேல இரும்புச் சட்டம், அதுக்குள்ள பூ அச்ச வைப்பாங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் சாயம் கலந்த சிமெண்ட்ட கரண்டியால ஊத்துவாங்க, அச்ச மெதுவா தூக்குனதும் மேல உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, அப்புறம் ஈரக் கலவைய போட்டு தட்டி மட்டம் பண்ணுவாங்க. சூளைல எல்லாம் சுடுறது கெடையாது, காய வச்சு தண்ணித் தொட்டில போடுறதுதான். கண்ணாடியோட ஒட்டி இருக்கிற பக்கம்தான் பூ. அதாவது கல்லு வெளிய வர்ற வரைக்கும் செய்றவர் பாத்துக்கிட்டு இருக்கிறது சாம்பக்கலர் முதுகு மட்டுந்தான். சின்ன வயசுல நான் போயி "பூ நல்லா வந்திருக்கா சித்தப்பா"ன்னு கேட்டா, "மொகம் எனக்கு எங்கடா தெரியும், முதுகுதான் தெரியும்"பார். பின்னால அவர் மகன் வெளியூர் போயி வருசக்கணக்குல ஃபோன்கூட பண்ணாம இருந்தப்ப, பய எப்படி இருக்கான்னு ஊர்ல யாராச்சும் கேட்டா இதே வார்த்தையதான் சொல்லுவார், கோயிலுக்கு மட்டும் ஒரு ஞாயித்துக்கெழமகூட தவறாம போவார்.

பகிர்வு இதோட முடிஞ்சது. வேணும்னா 1 கொரிந்தியர் 13:12 ஒரு தடவ வாசிக்கலாம், இப்ப கண்ணாடில மங்கலா பாக்குறோம்ங்கிற எடம். அதுக்கு மேல "ஆகவே அன்பானவர்களே"ன்னு ஆரம்பிச்சா சித்தப்பா காணாம போயிருவார், நீங்கதான் நிப்பீங்க.

மகன் திரும்பி வந்தானான்னு கேப்பாங்க. வந்திருந்தா சொல்லுங்க, வரலேன்னா வரலேன்னே சொல்லுங்க. கேக்குறவங்களுக்காக முடிவ இனிப்பாக்காதீங்க, அந்த கூட்டத்துலயே மகன் வராத அம்மா ஒருத்தங்க இருப்பாங்க. லூக்கா 15ல ஊதாரி மகன் கதைல மூத்த மகன் கடைசில வீட்டுக்குள்ள போனானா இல்லையான்னு இயேசுவே சொல்லல, அப்பா வெளிய வந்து கூப்புடுறார், அதோட கதை நிக்குது.

சின்ன சின்ன விஷயம் கொஞ்சம் இருக்கு, வேகமா சொல்லிடுறேன். அடுத்தவங்க கதைய அவங்ககிட்ட கேக்காம சொல்லாதீங்க, குறிப்பா மருமக கதைய. நோய் சரியான கதைல டாக்டரையும் மாத்திரையையும் விட்டுராதீங்க. வாட்ஸப்ல வந்த அமெரிக்கா கழுகு கதை தயவுசெஞ்சு வேணாம். அப்பத்தாவ புனிதையாக்க வேணாம், எங்க அப்பத்தா செபமாலைக்கு நடுவுலயே கோழிய வெரட்டும், சண்டையும் போடும், அதையும் சேத்து சொன்னாதான் ஆளு கண்ணுக்கு தெரியும்.

இன்னொண்ணு, நம்ம பக்கம் கூட்டம் நடக்கிற வீட்டுக்கு பக்கத்து வீடு பெரும்பாலும் இந்துக்கள் வீடுதான், திண்ணைல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாங்க. பொங்கலுக்கு அவங்க குடுத்ததும் கிறிஸ்மஸுக்கு நாம குடுத்த சீயமும் அந்த திண்ணை வழியாதான் போயி வந்திருக்கு, அவங்க இருட்டுல இருக்காங்கன்னு மைக் இல்லாமலே அவங்க காதுல விழுற மாதிரி பேசுறது எனக்கு சுத்தமா புடிக்காது.

எழுதி வச்சு வாசிக்கலாமான்னா, ஒன்றரை பக்கம் எழுதி வீட்டுல ரெண்டு தடவ சத்தமா சொல்லிப் பாருங்க, கூட்டத்துக்கு போறப்ப முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் துண்டுச் சீட்டுல இருக்கட்டும். கடைசி வரி முக்கியம், அது இல்லாமதான் நாலு நிமிஷம் இருவது நிமிஷமா போகுது, அதுக்குள்ள சுண்டல் ஆறிப் போகுது. அப்புறம் எந்த வீட்டுல எந்த கதைய சொன்னோம்னு தேதியோட குறிச்சு வச்சுக்கங்க, அன்பியத்துல திரும்பத் திரும்ப அதே வீடுகதான், சொன்னதையே சொன்னா சின்னப் பயலுக அடுத்த வரிய முன்னாடியே சொல்லிடுவானுங்க.