பனி கொட்டும் நிலத்துக்குப் புல்வெட்டும் டிராக்டர் வாங்கும்போது

ஹூரான் ஏரியின் கிழக்குக் கரையிலும் ஜார்ஜியன் விரிகுடாவை ஒட்டிய கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஊர்களிலும் இரண்டு மூன்று ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்குபவர்கள், புல் முழங்காலைத் தொடும் முதல் மே மாதத்திலேயே கடைக்குப் போய், வெட்டும் தட்டு எத்தனை அங்குலம் என்று கேட்டு ஒரு வண்டியை வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேட்டாலே போதும். அதே வண்டிதான் டிசம்பரில் பனியையும் அகற்ற வேண்டும் என்றால், வீட்டு வாசலிலிருந்து சாலை வரை செல்லும் பாதையை முதலில் அளந்துகொள்ள வேண்டும்.

உறையாத ஏரி நீரின் மேலாகக் கடுங்குளிர் காற்று வீசும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையோர ஊர்களில் பனியாகக் கொட்டுகிறது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரை அடுத்த ஆர்ச்சர்ட் பார்க்கில் ஒரே புயலில் ஏறத்தாழ 80 அங்குலம் விழுந்தது. அத்தகைய புயலுக்கு ஈடுகொடுக்கும் வீட்டு இயந்திரம் எதுவும் இல்லை என்பதால், சாதாரண நாளின் 30 சென்டிமீட்டர் பனியையே கணக்கில் கொள்வோம். பாதை 100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடையது என்றால் 90 கன மீட்டர் பனி கிடக்கும். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் ஒன்பது டன். காற்றில் இறுகிய பனியானால் இது இரண்டு மூன்று மடங்காகும். நகராட்சி வண்டி சாலையை வழித்துவிட்டுப் போகும்போது பாதையின் வாயில் ஒதுக்கிவிடும் உப்புக் கலந்த ஈரக்குவியல்தான் எந்த வண்டிக்கும் உண்மையான சோதனை.

புல்லை மட்டும் பார்த்தால், நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வண்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. பனியில் அதை நம்ப முடியாது. அதன் முன்சக்கரங்கள் தாமாகச் சுழல்பவை. திசை திருப்புவது முழுக்கப் பின்சக்கரங்களின் வேக வேறுபாட்டால் நடப்பதால், அவை வழுக்கினால் வண்டியின் திசையும் கைவிட்டுப் போகும். அடுத்த படியிலுள்ள லான் டிராக்டரில் சிறிய பனித்தகட்டைப் பூட்டலாம். ஆனால் இவற்றில் பரவலாக வரும் டஃப் டார்க் நிறுவனத்தின் கே46 போன்ற, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பெட்டி புல்வெட்டும் பளுவுக்கென்று ஆனது, ஆண்டுதோறும் டன் கணக்கில் தள்ளினால் சூடேறித் தேய்ந்துவிடும். கனமான சட்டமும் கே66, கே72 வகைக் கியர்பெட்டியும் கொண்ட கார்டன் டிராக்டர்தான் இங்கே பொருத்தமான தொடக்கம். அதற்கும் மேலே, குபோட்டா பிஎக்ஸ் வரிசை போன்ற, நான்கு சக்கர இழுவையுள்ள சிறிய டீசல் டிராக்டர்கள் இருக்கின்றன; அவற்றின் விலை பல மடங்கு.

பாதை 30 மீட்டருக்குள் அடங்குமானால், புல், பனி இரண்டுக்கும் ஒரே வண்டியைத் தேடாமல், ஒரு ஜீரோ டர்னும் பின்னால் நடந்து ஓட்டும், திருகால் பனியை அள்ளி விசிறியால் எறியும் இரட்டைக்கட்டப் பனி ஊதியும் வாங்குவதே என் தேர்வாக இருக்கும். விற்பனையாளர் இதைத் தாமாகச் சொல்லமாட்டார். நீளமான ஜல்லிப் பாதைக்குக் கார்டன் டிராக்டரும், பாதை மேட்டில் ஏறுமானால் நான்கு சக்கர இழுவையும் தேவை.

பனித்தகடு மலிவானது, வேகமானது. ஆனால் அது பனியை ஒதுக்கத்தான் செய்யும், அகற்றாது. பிப்ரவரிக்குள் இருபுறமும் குவியல் உறைந்து சுவராகி, பாதை ஒரு கார் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும். பனி மிகுந்த ஊரில் பனியைத் தொலைவில் எறியும் ஊதியே நிலைக்கும். ஜல்லிப் பாதையில் அதன் அடியிலுள்ள சறுக்குக் கட்டைகளைத் தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரும்படி வைத்து, தரை இறுகும் வரை ஒரு மெல்லிய பனிப்படலத்தை விட்டுவைக்க வேண்டும்; இல்லையேல் கல்லெல்லாம் பக்கத்துச் சன்னலுக்குப் போகும். கல்லோ பனிக்கட்டியோ சிக்கினால் முறிந்து கியர்பெட்டியைக் காப்பதற்கென்றே அதில் மென்மையான போல்ட்டுகள் உண்டு. அவற்றில் நான்கைந்தைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். அவசரத்துக்குக் கடினமான எஃகு போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை முறிவது கியர்பெட்டிதான். அடைப்பை நீக்க இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குச்சியால் குத்த வேண்டும். நின்ற பிறகும் திருகில் விசை தங்கியிருக்கக்கூடும் என்பதால் கையை விடவே கூடாது.

குதிரைத்திறனைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் பிடிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புல்தரைக்கான வழவழப்பான டயரில் சங்கிலி பூட்ட வேண்டும், பின்னால் எடை தொங்கவிட வேண்டும். டயருக்குள் திரவம் நிரப்புவதானால் உறையாத திரவமாக இருக்க வேண்டும். இரு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக் இல்லாவிட்டால், பனிக்கட்டியில் நிற்கும் ஒரு சக்கரம் சும்மா சுழல, மற்றது அசையாமல் நிற்கும்.

வெட்டும் தட்டைப் பற்றிக் குறைவாகவே சொல்ல இருக்கிறது. 48 அங்குலத் தட்டு மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்தையும் கழித்தால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் வெட்டும். மூன்று ஏக்கருக்கு இரண்டு மணி நேரம். மரங்கள் நெருக்கமாக இருந்தால் அதற்கு மேல் அகலம் வேண்டாம். 15 பாகைக்கு மேல் சரிவுள்ள இடத்தை எந்த ஏறி ஓட்டும் வண்டிக்கும் விடக்கூடாது.

குளிரில் எஞ்சின் கிளம்ப, கையேடு அனுமதித்தால் குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30 எஞ்சின் எண்ணெய்க்கு மாறுங்கள். டீசல் வண்டிக்குக் குளிர்கால டீசலும் எஞ்சினைச் சூடேற்றும் மின்கருவியும் வேண்டும். சாதாரண டீசலில் மெழுகு உறைந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பணம் கட்டுமுன், தட்டைக் கழற்றி ஊதியைப் பூட்டுவதைக் கடையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். பூட்டும் சட்டகம் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. சில மலிவான மாடல்களுக்கு ஊதியே கிடையாது. வண்டி, சட்டகம், ஊதி, சங்கிலி, எடை அனைத்தையும் ஒரே விலைப்பட்டியலில் கேட்டு வாங்குங்கள். ஊதியை ஆகஸ்டிலேயே சொல்லிவைப்பது நல்லது; முதல் பனி விழுந்த பிறகு கடையில் வரிசைதான் இருக்கும்.