துணையின் விசாவுக்குக் காத்திருக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வெளிநாட்டில் இருக்கும் கணவரோடு சேர்ந்து வாழத் துணைவிசாவுக்கு விண்ணப்பம் போட்டு ரசீது எண் வந்த அதே வாரத்தில் நான் வேலையை விட்டேன். இந்த வகை விசாவுக்கு இத்தனை மாதம் ஆகும் என்று அரசு இணையதளத்தில் போட்டிருந்ததை எங்களுக்கென்றே குறித்துக் கொடுத்த தேதி மாதிரி நம்பிவிட்டேன். ஆனது 14 மாதம். அத்தனை மாதமும் சம்பளம் இல்லாமல், கணவர் இருக்கும் நாட்டுக்கும் என் நாட்டுக்கும் நடுவில் பெட்டியோடு அலைந்தேன். இணையதளத்தில் இருந்த அந்த மாதக் கணக்கு வெறும் மதிப்பீடு, வாக்குறுதி கிடையாது. விசா கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள், சொத்தை விற்காதீர்கள், பயணத்தை உறுதி செய்யாதீர்கள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே விண்ணப்பதாரர்களுக்குச் சொல்கிறது. எந்த நாட்டுக்குப் போவதாக இருந்தாலும் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. காத்திருக்கும் காலத்தில் எங்கே எத்தனை நாள் இருந்தோம், விமான நிலையக் குடியேற்றக் கவுண்டரில் என்ன சொன்னோம் என்பதெல்லாமும் நம் ஃபைலில் போய்ச் சேருகிறது.

முதலில், விசிட்டராகப் போய்த் தங்கும் நாள் கணக்கு. ஒரு நாள் வெளியே போய்விட்டுத் திரும்பினால் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் அப்படி இல்லை. எந்த நாளில் நின்று பார்த்தாலும் அதையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களை எண்ண வேண்டும், அதற்குள் நீங்கள் இருந்தது 90 நாளைத் தாண்டக் கூடாது, உள்ளே நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் சேர்த்திதான். ஜனவரி 1 அன்று போய் மார்ச் 31 வரை இருந்தால் சாதாரண வருடத்தில் 90 நாள் முடிந்தது, மறுபடி நுழைய ஜூன் 30 வரை காத்திருக்க வேண்டும். விசாவில் அதைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தால் அந்தக் குறைந்த நாள்தான் உங்களுக்கு. அமெரிக்காவில் குழப்பம் வேறு மாதிரி: விசாவில் அச்சிட்ட கடைசித் தேதியைப் பார்த்துத் தங்கக் கூடாது, நாட்டுக்குள் நுழையும்போது போடும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதிதான் செல்லும். அனுமதி முடிந்து 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம். துணையோடு இன்னும் கொஞ்சநாள் இருக்கலாமே என்ற ஆசைக்கு அது ரொம்பப் பெரிய விலை.

அடுத்தது பொய். இது எனக்கே நடந்தது. விசிட்டர் விசாவில் போனபோது எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, பயத்தில், சுற்றிப் பார்க்க என்று சொல்லிவிட்டேன். எதிரில் இருந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, உங்கள் கணவர் இங்கேதானே இருக்கிறார் என்றார். பிறகு தனியறை, இரண்டு மணி நேரக் கேள்விகள். உள்ளே விட்டார்கள், ஆனால் அந்தப் பயம் அடுத்த ஒவ்வொரு பயணத்திலும் கூடவே வந்தது. கணவரைப் பார்க்க வந்தேன், விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, இந்தத் தேதியில் திரும்புகிறேன், இதோ டிக்கெட் என்று சொல்லியிருந்தால் போதும். உண்மையைச் சொன்னாலும் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டுதான், ஆனால் பொய் என்று பதிவானால் துணைவிசாவே அடிபடும். அமெரிக்காவில் வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவானால் வாழ்நாள் தடைவரை போகும், தனியாக விலக்கு வாங்கினால்தான் மீட்சி. அப்புறம், போனபின் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த நாட்டு விதியை நீங்களே படியுங்கள்; பிரிட்டனில் விசிட்டராகப் போனவர் உள்ளே இருந்தபடி துணைவிசாவுக்கு மாற முடியாது.

ஆர்வத்தில் மெடிக்கலை முன்கூட்டியே முடித்துவிடாதீர்கள். பிரிட்டன் கேட்கும் காசநோய்ச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும், அமெரிக்க மெடிக்கலும் பெரும்பாலும் அப்படித்தான், சில சமயம் இன்னும் குறைவு. போலீஸ் சான்றிதழிலும் ஒரு சிக்கல் உண்டு: இரண்டு நாட்டிலும் மாறி மாறி இருந்தால், குறிப்பிட்ட மாதங்களைத் தாண்டியதும் இரண்டாவது நாட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தாலோ வீடு மாறினாலோ உடனே தெரிவியுங்கள். ஸ்பேம் பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், அவர்கள் அனுப்பும் கடிதம் அதில் போய் விழுவது சகஜம்.

வேலையை விடாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று தோன்றும். பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல் வெளிநாட்டு முதலாளிக்கான ரிமோட் வேலையை விசிட்டர்களுக்கு அனுமதிக்கிறது, ஆனால் வந்த முக்கியக் காரணம் அதுவாக இருக்கக் கூடாது. எல்லா நாடும் இப்படி இல்லை. வரியும் தனிக் கதை: பல நாடுகளில் வருடத்தில் 183 நாள் இருந்தாலே அங்கே வரி கட்டுகிறவராக ஆகிவிடுவீர்கள், வேறு காரணங்களால் அதற்கு முன்பேகூட ஆகலாம். நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் சேர்த்து வையுங்கள். வரிக்கு மட்டும் இல்லை, நீங்கள் சேர்ந்து வாழ முயன்றதற்கான சாட்சியும் அதுதான்.

சரி, கடைசியாக ஒன்று. எங்கள் போன் பேச்சு முழுக்க ஒரு கட்டத்தில் விசாவாகவே ஆகிவிட்டது, ஸ்டேட்டஸ் பார்த்தாயா, ஏன் இன்னும் வரவில்லை, யாருக்கு வந்தது என்று. ஐந்தாவது மாதத்தில் சண்டை. அதற்குப் பிறகு புதன்கிழமை மட்டும் விசா பேசுவது என்று வைத்துக்கொண்டோம், மற்ற ஆறு நாளும் அன்று என்ன சாப்பிட்டோம், யாரைப் பார்த்தோம், எதற்கு எரிச்சல் வந்தது என்று பேசினோம்.