கைதி எங்கே படுக்கிறான் என்று பாருங்கள்: ட்ரொபிகோ 2இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பள்ளி விடுமுறையில் அக்காவின் மகன் இரண்டு கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து ட்ரொபிகோ 2 விளையாடத் தொடங்கினான். நான் தேத்தண்ணீரோடு கதிரையைப் பின்னால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை, 2005இல் நான் செய்த அதே பிழைகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். வாயைத் திறந்தால் "மாமா, சும்மா இருங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்கிறான். சரி, அவனிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இது 2003இல் வந்த பழைய கேம். நீங்கள் கரீபியன் தீவொன்றில் கடற்கொள்ளையரின் ராஜா. ஊரைக் கட்ட வேண்டும், கப்பல் அனுப்பிக் கொள்ளையடிக்க வேண்டும், ஆட்களைப் பிடித்து வந்து வேலை வாங்க வேண்டும். இப்போது முதல் பாகத்தோடு சேர்த்து ட்ரொபிகோ ரீலோடட் என்ற பெயரில் இணையத்தில் வாங்கலாம். சேவ் பண்ண மறக்காதீர்கள், பயிற்சிப் பகுதியை முதலில் விளையாடுங்கள் என்ற கதையெல்லாம் என்னிடம் இல்லை.

முதல் பாகத்தின் பழக்கத்தோடு வருவது

முதல் ட்ரொபிகோவில் நீங்கள் ஒரு குட்டித் தீவின் சர்வாதிகாரி. அங்கே வேலை செய்பவன் குடிமகன், அவனுக்குச் சம்பளம் உண்டு, தேர்தல் வந்தால் வாக்கும் உண்டு. அந்த நினைப்பிலேயே இங்கே வந்தால் தலை சுற்றும். இங்கே வேலை செய்பவன் கைதி. சம்பளம் கேட்க மாட்டான், வாக்குக் கேட்க மாட்டான், வாய்ப்புக் கிடைத்தால் ஓடிவிடுவான். சம்பளத்தைக் கூட்டி ஒருவனை மகிழ்விக்கிற வித்தை இங்கே செல்லாது.

ஆள் இல்லாமல் பட்டறை

எல்லாக் கைதியும் ஒரே ஆள் இல்லை. சோளம் வெட்டவும் மரம் தறிக்கவும் யாரும் போதும். சில பட்டறைகளுக்கு மட்டும் தொழில் தெரிந்தவன்தான் வேண்டும், அப்படிப்பட்டவனைத் தேடிப்போய்த்தான் பிடித்து வர வேண்டும். முதலில் ஆள், அப்புறம் கட்டடம். மருமகன் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, "ஏன் மாமா இது ஓடேல்ல?" என்று என்னையே கேட்கிறான்.

பலகை

எது குறைந்தாலும் சமாளிக்கலாம். பலகை முடிந்தால் கட்டடமும் இல்லை, கப்பலும் இல்லை.

கப்பல் வந்தால் காசு வந்தது என்று நினைப்பது

கொள்ளைக்குப் போன கப்பல் துறைக்குத் திரும்பியதும் பொடியன்கள் கைதட்டினார்கள். அவசரப்படாதீர்கள். கொண்டுவந்ததில் கொள்ளையருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு உங்கள் பெட்டிக்கு வருவது, அவர்கள் தவறணையிலும் சூதாட்ட இடத்திலும் செலவழிக்கும்போதுதான். செலவழிக்க இடமில்லை என்றால் காசு அவன் மடியிலேயே இருக்கும், அவனும் சலித்துப்போய்த் திரிவான். ஆகவே துறைமுகத்துக்குக் கிட்ட நல்ல தவறணை கட்டாயம் வேண்டும். இதை விளங்கிக்கொண்ட உற்சாகத்தில்தான் எல்லோரும் அடுத்த பிழையில் போய் விழுகிறார்கள்.

தவறணைக்குப் பக்கத்தில் கைதிக்குப் படுக்கை

இதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை, முதலில் என்னையே.

இந்தத் தீவில் இரண்டு சாதி மனிதர்கள் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் வேண்டியது நேர் எதிரானது. கொள்ளையனுக்கு அட்டகாசம் வேண்டும், கூடவே தீவுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்ற நிம்மதியும். கைதியை அடங்கி இருக்க வைப்பது ஒழுங்கும் பயமும். கட்டடங்களின் குணம் அவற்றின் சுற்றுப்புறத்திலும் ஊறும். தவறணையைச் சுற்றி அட்டகாசம் ஊறிக்கொண்டே இருக்கும், அது கொள்ளையனுக்குத் தேன். அதே மண்ணில் கைதியின் குடிசை இருந்தால், அவன் மனம் மெல்ல மெல்லக் கடலைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

2005இல் எனக்கு இதெல்லாம் தெரியாது. கொழும்பிலிருந்து வந்த ஒரு நண்பன் தந்த சீடி, மாமா வீட்டுக் கொம்பியூட்டர், இடைக்கிடை கரண்ட் போகும். தீவில் பிறை மாதிரி ஒரு குடா கிடந்தது. எனக்குத் திருகோணமலை உட்துறைமுகம் ஞாபகம் வந்துவிட்டது. நம்மூர் எப்படி? கடை, சந்தை, பஸ் நிலையம், கோயில் எல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று. அப்படியே கட்டினேன். துறைக்கு முன்னால் தவறணை, அதற்குப் பக்கத்தில் சூதாட்டம், அதன் பின்சுவரோடு கைதிகளின் குடிசைகள், அதற்குப் பின்னால் சோளம். கைதிக்கு வேலைக்கு நடக்கும் தூரம் குறைவு என்று எனக்கு ஒரே பெருமை.

கொஞ்சக் காலம் எல்லாம் அருமையாகப் போனது. அப்புறம் ஒரு நாள் மது வடிக்கிறவனைக் காணவில்லை. ஒருவன்தானே என்று விட்டேன். ஆனால் அவன் தொழில் தெரிந்தவன், அவனுக்குப் பதிலாகச் சோளம் வெட்டுகிறவனை நிறுத்த முடியாது. இன்னொருவனைப் பிடிக்கக் கப்பலை அனுப்பினேன். கப்பல் திரும்பும்வரை மது இல்லை, மது இல்லாமல் தவறணை வெறும் பலகைக் கொட்டில், கொள்ளையர் முறைக்கத் தொடங்கிவிட்டார்கள், அவர்கள் செலவழிக்காததால் என் பெட்டியும் வற்றியது. ஒரே ஒரு கைதி ஓடியதற்கு இவ்வளவும்.

அப்போதும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. பயம் போதாது என்று முடிவுகட்டி, குடிசைகளுக்கு நடுவே பயமுறுத்தும் சாமான்களாக வாங்கி நட்டேன். சோதனைச் சாவடிகளுக்கு நடுவே அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வளர்ந்த பொடியன், கொம்பியூட்டரில் இருந்து அதே வேலையைப் பார்த்தேன். அது அன்றைக்கு உறைக்கவில்லை, இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. அது கிடக்கட்டும். கொஞ்ச நாள் அடங்கினார்கள். ஆனால் தூக்குமரம் தவறணைச் சத்தத்தைக் குறைக்காது. பயம் ஏறியது, ஒழுங்கு ஏறவில்லை. அடுத்தடுத்து ஓடினார்கள்.

ஓடியவன் சும்மா போவதில்லை, தீவு எங்கே இருக்கிறது என்று அவன் நாட்டுக்காரரிடம் சொல்லிவிடுவான், பிறகு அவர்களின் கப்பல்கள் தேடி வரும். இதற்கு நம்மிடமே ஆள் உதாரணம் இருக்கிறது. மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், கண்டி ராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருடம் கைதியாக இருந்து, 1679இல் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681இல் அவர் எழுதியது லண்டனில் அச்சாகிவிட்டது, கண்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஊரே வாசித்தது. என் மது வடிக்கிறவன் புத்தகம் எழுதவில்லை. அவன் ஆட்கள் வந்து குடாவில் நின்ற என் ஊரை நொறுக்கிவிட்டுப் போனார்கள்.

என்ன செய்ய வேண்டும்? முதல் கட்டடம் வைக்கும் முன்பே தீவை மனதில் இரண்டாகக் கிழியுங்கள். துறைமுகப் பக்கம் கொள்ளையருக்கு. உள்ளே, வயலும் மரம் அரியும் இடமும் உள்ள பக்கம் கைதிகளுக்கு. பட்டறைகளை நடுவில் வையுங்கள். தவறணையில் பரிமாறுவதும் கைதிதான், அவனை முற்றாக விலக்க முடியாது, ஆகவே அவன் படுக்கும் இடம் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும், சுவரோடு சுவராக மட்டும் கூடாது. நடுவில் ஒரு துண்டு நிலம் வெறுமையாகக் கிடந்தால் கை பரபரக்கும், அதில் எதையாவது கட்டத் தோன்றும். விட்டுவிடுங்கள். கட்டிய பிறகு இடித்து மாற்றினால் பலகையும் போச்சு, காசும் போச்சு.

மூன்று பேரோடும் ஒரேயடியாக மோதுவது

கேமில் உங்களைத் தேடி வரக்கூடிய நாடுகள் மூன்று: இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின். ஒருவரையாவது நல்லமாதிரி வைத்திருங்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து நம்மூர்க் கோட்டைகளைப் பிடித்தார்கள், ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுக்காரர் வந்து பறித்தார்கள். பெரிய கடற்படை வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி, உங்களிடம் இருப்பது இரண்டு கப்பல்.

வேகம்

கூட்டாதீர்கள். ஓடுகிறவன் கண்ணில் படமாட்டான்.

இதை மட்டும் மருமகனிடம் நேரிலேயே சொன்னேன். தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினான். தவறணையின் பின்சுவரோடு ஆறு குடிசை. நான் கோப்பையைக் கழுவ எழும்பிப் போய்த் திரும்பி வரும்போது, "மாமா, எங்கட கொல்லன் எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.