வன்னியில் அம்மா அப்பா இருக்கிறார்களா? லீவின் முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டிய அலுவல்கள்

ஊருக்குப் போகிற பலர் திருவிழா, கலியாண வீடு எல்லாம் முடிந்து, பிளேன் ஏற இரண்டு நாள் இருக்கும்போதுதான் சட்டத்தரணியைத் தேடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வயதானவர்களின் அலுவலில் வைத்தியரையும் சட்டத்தரணியையும் ஒன்றாக யோசிக்க வேண்டும். இரண்டுக்கும் நாள் வேண்டும்.

முதலில் கிளினிக் கொப்பியை முழுதாக வாசியுங்கள். வீட்டிலுள்ள குளிசைகளை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிளினிக் நாளில் நீங்களே கூடப் போய் வைத்தியரோடு கதையுங்கள். கிளிநொச்சி, மாஞ்சோலை (முல்லைத்தீவு), வவுனியா அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். மேலதிக சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: யுத்தத்தில் காயப்பட்டவர்களின் உடம்பில் இன்னும் ஷெல் (எறிகணை) உலோகத் துண்டுகள் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று வந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"வயசு போனால் மறதி வரும்தானே" என்று விட்டுவிடாதீர்கள். நிபுணரிடம் காட்டுங்கள். அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் அலுவல் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்), மரண சாசனம் (உயில்) எதுவானாலும் எழுதுகிறவர் தெளிவோடு இருக்கும்போதுதான் செல்லும். நினைவு முற்றாகப் போனபின் அவர்களின் சொத்து அலுவலுக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். மறதி தொடங்கியிருந்தால், விளங்கித் தீர்மானிக்கும் தெளிவு இருக்கிறதா என்று வைத்தியரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போங்கள். அற்றோணித் தத்துவம் எழுதியவரின் இறப்போடு முடிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்புறம் காணி. வன்னியில் சிக்கல் அதிகம் வருவது இங்கேதான். உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிற் காணியா? இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கம் குடியேறியவர்களில் பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம். அதை உறுதிக் காணி போல விற்கவோ பிரிக்கவோ முடியாது. பிரதேச செயலகக் காணிக் கிளையில் பின்னுரித்தாளரின் (அவர்களுக்குப் பிறகு காணி சேர வேண்டியவரின்) பெயர் பதிந்திருக்கிறதா என்று அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பதியாவிட்டால் சட்டம் சொல்கிற வரிசைப்படிதான் போகும். அந்த வரிசையில் ஆண்களுக்கு இருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் மாறியது. கூட இருந்து பார்த்த மகளுக்கே காணி என்று பெற்றோர் நினைத்தால், வாய்ச்சொல் போதாது, பதிந்தாக வேண்டும். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால் அதையும் அங்கேயே விசாரியுங்கள்.

உறுதிக் காணிக்குத் தேசவழமை, அதாவது வடமாகாணத் தமிழரின் வழமைச் சட்டம், வரலாம். அதன்படி மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அது பொருந்தாமல் போகலாம், ஆகவே சட்டத்தரணியிடம் குடும்பத்தின் பூர்வீகத்தையும் சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் காணியைத் தங்கள் பெயருக்கு மாற்றுவதற்கு 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. இரட்டைக் குடியுரிமை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

புரோக்கர் மூலம் போகாதீர்கள். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கையெழுத்து வைக்குமுன் அம்மாவையோ அப்பாவையோ சட்டத்தரணியோடு கொஞ்ச நேரம் தனியே கதைக்க விடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் சில விருப்பங்கள் வாயில் வராது. எழுதிய பத்திரங்களின் பிரதி ஒன்று ஊரில் பார்த்துக்கொள்கிறவரிடமும் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.