கரி அடுப்பு வாங்குமுன் கூரையைப் பாருங்கள்

பார்பிக்யூ அடுப்பு கேட்டு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, "வீட்டில் எங்கே வைக்கப் போறீங்க?" என்பதுதான். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கேட், ஜன்னல் கம்பி, கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை, இதுதான் என் தொழில். வேலை ஓய்ந்த நேரத்தில் அடுப்பும் செய்து கொடுப்பேன். கடையில் வாங்கிய அடுப்புகள் கால் ஒடிந்து, அடி ஓட்டையாகி வந்து சேர்வதும் என்னிடம்தான். அப்படி வருகிறவற்றில் நெருப்பால் கெட்டவை குறைவு. மழையும் சாம்பலும் தின்றவைதான் அதிகம்.

இங்கே பனிக்காலம் கிடையாது, வருஷம் முழுக்க வெளியே சுடலாம். ஆனால் சித்திரை, வைகாசியிலும் பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும் மத்தியானம் தாண்டினால் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்துவிடும். மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் இருக்கும். சாம்பலில் உள்ள உப்புகள் அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சாம்பலை அள்ளாமல் அடுப்பை மூடி வைப்பது, ஈரத்துணியைத் தகரத்தின் மேல் வாரக்கணக்கில் போட்டு வைப்பது மாதிரி. மேலே உறை போட்டிருந்தால் இன்னும் மோசம், ஈரம் வெளியே போக வழியில்லை.

அதனால் அடுப்பு வாங்குமுன் இடத்தைப் பாருங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பெரும்பாலும் கார் நிற்கிற முன்பக்கம்தான் அந்த இடம். மூன்று பக்கம் திறந்து, மேலே துத்தநாகத் தகரம் உயரமாக இருந்தால் அதன் ஓரத்தில் வைத்துச் சுடலாம். பாலிகார்பனேட் கூரையாக இருந்தால் அடியில் வைக்காதீர்கள், சூட்டில் வளைந்துவிடும். காரை வெளியே எடுத்துவிட்டுத்தான் பற்ற வைக்க வேண்டும். நடுவில் மழை பிடித்தால் அடுப்பைத் தூக்கி வீட்டுக்குள் வைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அணைந்த மாதிரி தெரிகிற கரியும் அதை விட்டுக்கொண்டிருக்கும், மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். மழையில் நனைகிற கோழி போனால் போகட்டும்.

சரி, அடுப்புக்கு வருவோம். நம் ஊர்ப்பக்கம் பிரபலமானது பாதியாக அறுத்த டிரம். கூட்டம் அதிகமான வீட்டுக்கு அதுதான் சரி. தீபாவளிக்கு மறுநாள் ஐம்பது பேர் வந்தாலும் தாங்கும். ஆனால் 200 லிட்டர் டிரம்மின் தகரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். நனையவிட்டால் சீக்கிரமே அடி போய்விடும். முதலில் அந்த டிரம்மில் என்ன இருந்தது என்று கேளுங்கள். சமையல் எண்ணெய் வந்த டிரம் என்றால் பரவாயில்லை, வெறும் விறகைப் போட்டு நன்றாக எரித்து, உள்பூச்சு முழுவதும் கருகிப் போன பிறகு தேய்த்துக் கழுவலாம். மருந்தோ இரசாயனமோ வந்ததென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மூடிய டிரம்மை வீட்டில் நீங்களே கிரைண்டர் வைத்து அறுக்காதீர்கள். உள்ளே மிஞ்சிய ஆவி ஒரே பொறியில் வெடிக்கும்.

காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு நான் 3 மில்லிமீட்டர் தகட்டில் பெட்டி அடுப்பு செய்து தருவேன். கனம்தான், இரண்டு பேர் தூக்க வேண்டும். ஆனால் சூடு ஒரே சீராக நிற்கும், துரு பிடித்தாலும் தேய்த்துவிட்டு இன்னும் பல வருஷம் ஓட்டலாம். கரிக்கும் கம்பித் தட்டுக்கும் நடுவே 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தட்டை ஏற்றி இறக்க இரண்டு நிலை இருந்தால் நல்லது. கீழே காற்றுத் துளையும், சாம்பலை இழுத்து எடுக்கிற தட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். சாம்பல் தட்டு இல்லாத அடுப்பைக் குப்புறக் கவிழ்த்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், அதை யாரும் செய்வதில்லை.

மூடியுள்ள உருண்டை அடுப்பு கடைகளில் கிடைக்கிறது. எனாமல் பூசியது, பூச்சு முழுசாக இருக்கும்வரை ஈரத்தைத் தாங்கும். எங்காவது அடிபட்டு ஒரு சில்லு தெறித்தால் அங்கிருந்து துரு உள்ளே ஊரும். வாங்கும்போது விளிம்பையும் கைப்பிடி ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பளபளக்கிற சில்வர் அடுப்பில் இன்னொரு விஷயம். காந்தத்தை ஒட்டிப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் நல்ல சில்வர் என்று நம்புகிறார்கள். 304 தர சில்வரும் காந்தத்தில் ஒட்டாது, மலிவான 201 தரமும் ஒட்டாது. ஈரத்தில் 201 சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். தர எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

கம்பித் தட்டை மட்டும் மலிவாக எடுக்காதீர்கள். துத்தநாகம் பூசிய வலையில் சமைக்கக் கூடாது. எலுமிச்சையும் புளியும் பட்டால் துத்தநாகம் கரைந்து சாப்பாட்டில் இறங்கும். அந்தப் பூச்சை வெல்டிங்கில் சுட்டால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவனுக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் அடிக்கும் என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். பழைய குளிர்சாதனப் பெட்டியின் தட்டை எடுத்து அடுப்பில் வைப்பதும் அதே கதைதான், அதன் பூச்சு நெருப்புக்கானது இல்லை. 8 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி போதும். வார்ப்பிரும்பு கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி எண்ணெய் தடவிச் சுட்டுப் பழக்க வேண்டும்.

கேஸ் அடுப்பு எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் சௌகரியம், மறுக்கவில்லை. நம் சிலிண்டருக்குப் பொருந்துகிற ரெகுலேட்டர்தானா என்று பாருங்கள். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவி, குமிழி விடுகிறதா என்று கவனியுங்கள். வெளியே கிடக்கிற குழாயை எலி கடிக்கும். கொஞ்ச நாள் பயன்படுத்தாமல் விட்டால் பர்னர் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எழும்பினால், அல்லது ஒரு பக்கம் மட்டும் எரிந்தால், கேஸை மூடி ஆறவிட்டுக் குழாயைக் கழற்றி மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். பற்ற வைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும்.

கரிக்கு நாம் கொடுத்து வைத்தவர்கள். தைப்பிங் பக்கம் கோல செபெத்தாங்கில் பாக்காவ் மரக்கரி சுடுகிறார்கள். மாத்தாங் சதுப்புக் காட்டில் ஏறக்குறைய முப்பது வருஷம் வளர்ந்த மரத்தை வெட்டி, பட்டை உரித்து, குவிமாடம் போன்ற செங்கல் சூளையில் நிறுத்தி வைத்து, வாரக்கணக்கில் மெல்லிய சூட்டில் வேகவிடுவார்கள். விறகுக்கு நேரடியாகத் தீ வைப்பதில்லை. வாசலில் எரிகிற நெருப்பின் சூடு உள்ளே போய் மரத்திலிருக்கும் தண்ணீரைப் புகையாக வெளியேற்றும். பிறகு சூளையை அடைத்து ஆறவிடுவார்கள். அங்கிருந்து ஜப்பானுக்கும் ஏற்றுமதியாகிறது. நல்ல கரியா என்று பார்க்க, இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் எடுங்கள். மொத்தென்று கேட்டால் ஈரம், இல்லையென்றால் சரியாக வேகாதது. பற்ற வைத்தால் படபடவென்று வெடித்துப் புகையும். வாங்கி வந்ததும் மூட்டையோடு தரையில் போடாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் கொட்டி வையுங்கள்.

பால்மரக் (ரப்பர் மரக்) கட்டையும் நல்ல தணல் கொடுக்கும். தோட்டத்து லயத்து வீட்டில் எங்கள் அம்மா அதில்தான் சமைத்தார். இப்போது சுற்றிலும் செம்பனையாகிவிட்டது, கட்டைக்குத் தேடிப் போக வேண்டும். நாற்காலி பட்டறையில் கிடைக்கிற பால்மரத் துண்டு வேண்டாம், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம் அது. பலகைத் துண்டு, பெயிண்ட் அடித்த கட்டை, ஒட்டுப்பலகை எதுவுமே வேண்டாம்.

பற்ற வைக்க மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த வாசம் மீனில் ஏறிவிடும். காலியான எண்ணெய்த் தகர டின்னின் இரண்டு பக்கமும் திறந்து, அடியில் இரண்டு கம்பி குறுக்கே விட்டு, பக்கத்தில் துளை போட்டால் கரி மூட்டுகிற குழல் தயார். கீழே கசக்கிய காகிதம், மேலே கரி. இருபது முப்பது நிமிஷத்தில் மேல் கரியிலும் வெள்ளைச் சாம்பல் பூக்கும். அதற்கு முன்னால் எதையும் மேலே வைக்காதீர்கள். கொட்டும்போது ஒரு பக்கமாகக் குவியுங்கள், மறுபக்கம் காலியாக இருக்கட்டும். கோழித்தொடை முதலில் காலிப் பக்கம் மெல்ல வெந்து, கடைசியில் தணல் பக்கம் வந்து நிறம் பிடிக்க வேண்டும். நேரே தணலில் போட்டால் வெளியே கருகி, எலும்போரம் ரத்தமாக இருக்கும். குத்திப் பார்க்கிற வெப்பமானி இருந்தால் எலும்பில் படாமல் தடித்த இடத்தில் 74 டிகிரி காட்ட வேண்டும். இனிப்பு கிச்சாப் (சோயா சாஸ்) சேர்த்த மசாலாவைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் தடவுங்கள், சர்க்கரை சீக்கிரம் கருகும். ஆட்டிறைச்சிக்குப் பச்சைப் பப்பாளியை அரைத்துப் பூசினால் மென்மையாகும். ஒரு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊறினால் கறி கூழாகிவிடும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன்தான். விடியற்காலை பசாருக்குப் போய்க் கண் தெளிவாக இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். முதுகில் இரண்டு பக்கமும் கீறி, மஞ்சளும் உப்பும் தடவி வையுங்கள். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், செராய் (எலுமிச்சைப்புல்), சுட்ட பெலாச்சான் (இறால் விழுது), கொஞ்சம் புளி இவற்றை அரைத்து எண்ணெய் பிரிய வதக்கி, ஆறியதும் கீறலுக்குள் அடையுங்கள். வாழை இலையைத் தணலுக்கு மேலே காட்டினால் வெளிர்ப்பச்சை திடீரென்று கரும்பச்சையாகிப் பளபளக்கும். அப்போது அது மடித்தாலும் கிழியாது. எண்ணெய் தடவி, மீனை வைத்து, மிதமான தணலில் போடுங்கள். முதலில் இலையின் ஓரம் கருகும், பிறகு அடியில் சிசுசிசுவென்று சாறு கொதிக்கிற சத்தம் வரும். ஏழெட்டு நிமிஷத்தில் மேலே இன்னொரு இலையை வைத்து, இரண்டு கரண்டியால் சேர்த்துப் பிடித்துத் திருப்புங்கள். முள்ளோரம் சதை வெள்ளையாகப் பிரிந்தால் எடுத்துவிடலாம்.

புரட்டாசியில் அடுப்புக்கு ஓய்வு கொடுக்கிற வீடுகள் உண்டு. தேவையே இல்லை. முழுக் கத்தரிக்காயைத் தோல் வெடிக்கச் சுட்டு, உரித்துப் பிசைந்து, பச்சை மிளகாய், வெங்காயம் போட்டால் ரசம் சோற்றுக்கு அது போதும். கேமரன் மலைச் சோளம், வள்ளிக்கிழங்கு, தயிர் மசாலாவில் ஊறிய பனீர் எல்லாம் சுடலாம். மரவள்ளியைத் தோலுரித்து முதலில் நன்றாக வேகவைத்து, பிறகு தணலில் காட்டுங்கள். சைவத்துக்கு நான் தனிக் கம்பித் தட்டு வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் அம்மா தொடமாட்டார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தை) குடும்பம் வந்தால் அவர்கள் தட்டையும் கோழியையும் அவர்களே கொண்டுவருவார்கள், அடுப்பு மட்டும் என்னுடையது. நோன்பு மாதத்தில் மத்தியானம் புகை கிளப்புவதில்லை. நோன்பு திறந்த பிறகுதான் பற்ற வைப்பேன். வானம் ஓரளவு தெளிந்திருக்கிற தை மாதத்தில் பார்த்தால் நம் ஆட்களில் பாதிப்பேர் தைப்பூச விரதத்தில் இருப்பார்கள். புகைமூட்டம் வருகிற நாட்களில் அடுப்பை அப்படியே விட்டுவிடுங்கள், இருக்கிற புகையே போதும்.

சுட்டு முடித்ததும் தட்டு சூடாக இருக்கும்போதே பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேயுங்கள், ஒட்டியதெல்லாம் வந்துவிடும். கம்பி பிரஷ் எனக்கு ஆகாது. அதன் மயிர்க்கம்பி ஒன்று உதிர்ந்து சாப்பாட்டோடு தொண்டைக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். பிறகு துணியில் எண்ணெய் தொட்டு மெல்லிசாகத் துடையுங்கள். சாம்பலை மறுநாள் காலையில் அள்ளுங்கள், மழை வருவதற்குள். உள்ளே தணல் ஒளிந்திருக்கலாம் என்பதால் மூடியுள்ள இரும்பு டின்னில்தான் கொட்ட வேண்டும், குப்பைப் பையில் கூடாது. நன்றாக ஆறியதும் ஒரு கைப்பிடி கறிவேப்பிலைச் செடிக்குப் போடலாம், நம் மண்ணின் புளிப்புக்கு நல்லது.

வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சமயத்தில், அடுப்பின் வெளிப்பக்கத் துருவைச் சுரண்டிச் சூடு தாங்கும் பெயிண்ட் அடியுங்கள். காலின் அடியைக் கவனியுங்கள், தண்ணீர் தேங்குவது அங்கேதான். அடியில் ஓட்டுத்துண்டு வைத்தால் போதும். அடித் தகடு போய்விட்டால் முழு அடுப்பையும் தூக்கிப் போடாமல், அளவெடுத்து ஒரு தகடு வெட்டி உள்ளே சும்மா கிடத்தினாலே இன்னும் ஓடும். உள்ளேயும் பெயிண்ட் அடித்துக் கொடுங்கள் அண்ணே என்று கேட்கிறவர்கள் உண்டு. எவ்வளவு வெள்ளி கொடுத்தாலும் அடிக்க மாட்டேன்.